கண்ணுக்குத் தெரியாத பை

போன மாதம், நான் ஓய்வு பெற்ற கல்லூரியிலிருந்து இளம் பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். 'பொருளியல் சிந்தனை வரலாறு' என்ற பாடத்தை நீக்கிவிட்டார்களாம். அந்த இடத்தில் கம்ப்யூட்டரில் புள்ளிவிவரங்களை அலசுகிற பாடம் ஒன்று வருகிறதாம்.

"கடைசி வரைக்கும் அந்தப் பேப்பர எடுத்தது நீங்கதானுங்க மேடம். துறை மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. வருத்தமா இருந்தா வருத்தமாவே எழுதுங்க, பரவாயில்லீங்க" என்றார்.

வருத்தம் ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பாடத்தில் நான் செய்த ஒரு தவறால் நாற்பத்திரண்டு பேருடைய படிப்பு போக இருந்தது, அதைத்தான் எழுத முடியும் என்றேன். அவர், "எழுதுங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. நான் எம்.ஏ. முடித்ததும், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்ததும், முதல் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தே ஒரு மணி நேரம் பேசியதும் யாருக்கும் நேர்வதுதான். புதிதாக வந்தவள் என்பதால் யாரும் தொடாத பாடத்தை என் தலையில் கட்டினார்கள். கட்டியவர் துறைத்தலைவர் அர்த்தநாரி.

அர்த்தநாரி சார் ஒல்லியானவர். வேனிற்காலத்திலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டிருப்பார். அவரிடம் எதைச் சொன்னாலும் உடனே பதில் வராது. கிழித்த தினக்காலண்டர் தாள்களைக் கத்தையாகக் கிளிப் போட்டு வைத்திருப்பார். அதில் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் நாம் சொன்னதை எழுதிப் பார்த்துவிட்டு, "இத ஃபைல்ல எப்படி எழுதறதுங்க?" என்று கேட்பார். எழுத வராத விஷயம் நடக்கக்கூடாத விஷயம் என்பது அவருடைய நம்பிக்கை. என் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோதும் அதைத்தான் கேட்டார்.

பாடத்தில் முக்கியமாக வருகிற, பொருளியலின் தந்தை எனப்படும் ஸ்காட்லாந்துக்காரரின் பெயரை அவர் சொல்லவே மாட்டார். 'நம்மாளு' என்பார். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

"நம்மாளு எக்கனாமிக்ஸ் வாத்தியார் இல்லீங்க. அறவியல் வாத்தியார். அத மறந்துட்டுத்தான் எல்லாரும் அவரப் பாடம் நடத்தறாங்க" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம். மனிதன் தன்னலக்காரன் என்றால், அடுத்தவன் காலில் முள் குத்தும்போது நாம் ஏன் முகத்தைச் சுளிக்கிறோம்? நம்மாளு அங்கேதான் தொடங்குகிறார் என்பார். அடுத்தவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம். அடுத்தவர் கண்ணால் நம்மையும் பார்த்துக்கொள்கிறோம். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் நமக்குள்ளேயே ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். யார் பக்கமும் சாயாத ஆள். பாடப்புத்தகத் தமிழில் 'நடுநிலைப் பார்வையாளர்'. சந்தை, விலை, உழைப்பு என்று நம்மாளு எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

இதில் அர்த்தநாரி சாருக்கு ஒரு குறை இருந்தது. "உள்ள உக்காந்திருக்கறவரு நமக்குச் சௌகரியமான நேரத்துல தூங்கீருவாருங்க" என்பார். அதனால் அந்தப் பார்வையாளருக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கினார். எங்கள் துறையின் எந்தக் கூட்டத்திலும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடப்படும். யாரும் அதில் உட்காரக்கூடாது. டீ வரும்போது அதற்கு முன்னால் மட்டும் டம்ளர் வைப்பதில்லை. பார்வையாளர் எதையும் வாங்கிக்கொள்ளக்கூடாது என்று காரணம் சொன்னார். ஒரு முறை இருப்புச் சரிபார்க்க வந்த அலுவலகக் கண்காணிப்பாளர், ஆறு பேருக்கு எதற்கு ஏழு நாற்காலி என்று கேட்டார். "ஏழு பேருங்க" என்றார் அர்த்தநாரி சார். கண்காணிப்பாளர் எங்கள் முகங்களை எண்ணிப் பார்த்தார். அவர் ஏழு என்று எழுதிக்கொண்டு போனார்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வேலைப் பகுப்பை மாணவர்களுக்கு நேரில் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு குண்டூசி செய்வதையே பல வேலைகளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகச் செய்தால் எத்தனையோ மடங்கு அதிகம் செய்யலாம் என்பது நம்மாளின் புகழ்பெற்ற பாடம். நம் ஊரில் குண்டூசி ஆலைக்கு எங்கே போவது? மல்லசமுத்திரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் அனுமதி வாங்கி, முப்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றிப் போனேன். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைத் தோலுரிக்க ஒருவர், கழுவ ஒருவர், அரைக்க ஒருவர், பால் வடிக்க, வறுக்க, காயவைக்க என்று எட்டு இடத்தில் எட்டுப் பேர் என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டியிருந்தேன்.

போனால் ஆலை ஓடுகிறது, ஆள் ஒருவர்தான் இருக்கிறார். சின்னப்பன் என்று பெயர். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங் டீச்சரு, நேத்தே ஒரு போனு போட்டிருக்கக்கூடாதுங்களா? மத்தவிங்க எல்லாம் சொந்தக்காரங்க ஊட்டுல காதுகுத்துன்னு போயிட்டாங்க. கெழங்கு வந்து எறங்கிப்போச்சு, போட்டு வெச்சா அழுகீருமுங்க. அதான் சின்னப்பன் பாத்துக்கறான்."

சின்னப்பன் தோலுரித்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினார். தொட்டியிலிருந்து அரவைக்கு ஓடினார். என் மாணவர்கள் நோட்டும் பேனாவுமாக அவர் பின்னால் ஓடினார்கள். அன்று மாலை முடிவதற்குள் வந்த கிழங்கு முழுவதும் அரைபட்டுவிட்டது. ஒரு மாணவன் தன் அறிக்கையில் இப்படி எழுதியிருந்தான்: 'இந்த ஆலையில் எட்டு வகை வேலைகள் எட்டுத் தொழிலாளர்களால் செய்யப்படுகின்றன. எட்டுப் பேரின் பெயரும் சின்னப்பன்.' அர்த்தநாரி சார் அதைப் படித்துவிட்டு, "பாத்ததத்தானே எழுதியிருக்கறான்" என்று முழு மதிப்பெண் போட்டார்.

இனி அந்த நாற்பத்திரண்டு பேர் விவகாரத்துக்கு வருகிறேன்.

கல்லூரி தன்னாட்சி பெற்று, தேர்வுகளை நாங்களே நடத்திக்கொண்டிருந்த சமயம். நூலகத்தில் இந்தப் பாடத்துக்குத் தமிழில் ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. அதனால் பருவத் தொடக்கத்தில் நானே குறிப்புகளைக் கையால் எழுதி, பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கக் கொடுப்பேன். அடித்து வந்ததும் கடைசிப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது அர்த்தநாரி சாரின் விதி. அந்த ஆண்டு என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். நான் கையெழுத்தை மட்டும் போட்டேன்.

தேர்வு முடிந்து பத்து நாளில், வெளிக் கல்லூரியிலிருந்து விடைத்தாள் திருத்த வந்தவர் ஓர் அறிக்கை கொடுத்தார். 'கண்ணுக்குத் தெரியாத கை: விளக்குக' என்ற எட்டு மதிப்பெண் வினாவுக்கு, நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்திரண்டு பேர் 'கண்ணுக்குத் தெரியாத பை' என்று எழுதி விளக்கியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஆகவே கூட்டாகக் காப்பியடித்ததாகக் கருதி நடவடிக்கை எடுக்கவும்.

அவரவர் தன் லாபத்துக்காகச் செய்வதை ஊருக்கும் நன்மையாக்கிவிடும் சந்தையைத்தான் நம்மாளு 'கண்ணுக்குத் தெரியாத கை' என்றார். அறிக்கையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய்க் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் பை. கீழே ஆறு இடத்தில் பை. அந்தப் பகுதியை வகுப்பில் நடத்தாமல், குறிப்பைப் படித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். டைப் அடித்தவர் கொஞ்சமும் பதறவில்லை.

"நீங்க கைன்னுதாங்க எழுதியிருந்தீங்க மேடம். கை எப்புடிங்க கண்ணுக்குத் தெரியாம இருக்கும்? அவசரத்துல தப்பா எழுதிட்டீங்கன்னு நாந்தானுங்க எல்லாத்தையும் பைன்னு மாத்திவுட்டேன்" என்றார். நன்றி எதிர்பார்க்கிற முகம்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கல்லூரி வாசல் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் விசாரணைக் குழுவின் ஆணை மேசைமேல் இருந்தது. தலைவர் அர்த்தநாரி. உறுப்பினர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். பாட ஆசிரியர் என்ற முறையில் இன்னோர் உறுப்பினர் நான். மாணவர்கள் எப்படியும் முதல் ஐந்து நிமிடத்தில் குறிப்பைக் காட்டிவிடுவார்கள், அப்போது ஒப்புக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டுப்பாட்டு அலுவலர் வேதியியல்காரர். கரைசல் நிறம் மாறினால் அமிலம், மாறாவிட்டால் இல்லை என்று பழகியவர். "நாப்பத்திரெண்டு பேரையும் ரெண்டு வருசம் தேர்வு எழுத விடக்கூடாதுங்க" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பெண்களுக்கு இரண்டு வருடம் என்றால் அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். அதெல்லாம் எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன்.

அர்த்தநாரி சார் ஒரு படிவம் தயாரித்தார். பதினொரு கேள்விகள். ஏழாவது கேள்வி: 'தங்கள் விடையில் குறிப்பிடப்படும் பை எத்தகையது?' ஒரு பெண் 'மஞ்சப்பை' என்று நிரப்பியிருந்தாள். இன்னொருவன் 'துணிப்பை. பிளாஸ்டிக் அல்ல' என்று எழுதி, அல்ல என்பதன் கீழ் கோடும் போட்டிருந்தான்.

விசாரணை தொடங்கியது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குறிப்பைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை. நான்காவது ஆள் வரும்போதுதான் உறைத்தது. அவர்கள் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். குறிப்பு என்றால் அதில் என் கையெழுத்து இருக்கிறது. மேடத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டு, பையைக் காப்பாற்ற வந்திருந்தார்கள்.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் மகன் ஒருவன் சொன்னான்: "பைன்னா சந்தைங்க சார். எல்லாரும் அவங்கவங்க லாவத்துக்குத்தான் முட்டைய அதுல போடறாங்க. பை இருக்குதுன்னு யாரும் நெனைக்கறதே இல்லீங்க. ஆனா ஊருக்கே முட்டை கெடைச்சுருதுங்களே."

அர்த்தநாரி சார் காலண்டர் தாளில் எழுதியதை இரண்டு முறை படித்தார். "கிட்டத்தட்டச் சரியா இருக்குது" என்று மெதுவாகச் சொன்னார்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து வரும் ஒருவன் மாட்டுச்சந்தையைப் பிடித்துக்கொண்டான். "துண்டப் போட்டு மூடிட்டு வெரலப் புடிச்சு வெல பேசுவாங்கல்லீங்க சார்?"

"அது கைதானே?" என்றார் கட்டுப்பாட்டு அலுவலர் ஆவலாக.

"கை உள்ள இருக்குதுங்க சார். வெளிய தெரியறது துண்டு. கைய உள்ள வெச்சு மூடுனா அது பைதானுங்களே?"

கட்டுப்பாட்டு அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் நாள் முழுக்க எனக்காகப் பொய்யை அறிவாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் நிலையில் தன்னை வைத்துப் பார்ப்பது எப்படி என்று இத்தனை ஆண்டுகள் நான் பாடம் நடத்தியிருந்தேன்.

மறுநாள் காலை கடைசியாகக் கோகிலா வந்தாள். 'கை' என்று சரியாக எழுதிய அந்த ஒரே பெண். மற்றவர்கள் எப்படிக் காப்பியடித்தார்கள் என்று பார்த்திருப்பாள் என்று சாட்சியாக அழைத்திருந்தார்கள். கூட அவளுடைய அப்பா வந்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டுபவர். மத்தியப் பிரதேசத்திலிருந்து அன்று விடிகாலைதான் வந்து இறங்கியவர், சட்டையில் இன்னும் புழுதி இருந்தது. உள்ளே வந்ததும் கும்பிட்டுவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அது பார்வையாளருக்காகப் போட்ட அந்த நாற்காலி. கட்டுப்பாட்டு அலுவலர் அர்த்தநாரி சாரைப் பார்த்தார். அர்த்தநாரி சார் வாயைத் திறந்து மூடினார். அவரை எழச் சொல்வதை ஃபைலில் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கோகிலாவின் அப்பா விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "நானு படிக்காதவனுங்க. தப்பாச் சொன்னா மன்னிச்சுக்கோங்க. எங்க கம்பெனி லாரி அஞ்சும் ஒரே எடத்துல வழி தப்பிப்போச்சுன்னா, டிரைவருங்களத் திட்ட மாட்டமுங்க. வழி சொன்னது யாருன்னு கேப்பமுங்க. இந்தப் புள்ளைங்களுக்கு வழி சொன்னது யாருங்க?"

நான் எழுந்து நின்றேன். கைப்பையிலிருந்து குறிப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். "நான்தானுங்க. என் நோட்ஸ்லதான் பைன்னு இருக்குது. டைப் அடிச்சவரு மாத்திட்டாரு. நான் படிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன்.

பாரம் இறங்கியது போலிருந்தது. அது அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. கட்டுப்பாட்டு அலுவலர் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்படீன்னா அந்த நாப்பத்திரெண்டு பேரும் சொல்லிக் குடுத்ததத்தான் எழுதியிருக்கறாங்க. தப்பில்ல. நோட்ஸ்ல இல்லாதத எழுதுனது இந்தப் புள்ள ஒண்ணுதான்." கோகிலா பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு மட்டும் கைன்னு எங்கிருந்து வந்துச்சு? பிட்டு கொண்டு போனயா?"

கோகிலா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள், பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் இவள் என்னை நிறுத்தினாள். கையில் நூலகப் புத்தகம். "மேடம், நோட்ஸ்ல பைன்னு இருக்குதுங்க, புக்குல கைன்னு இருக்குது" என்றாள். "கைதான் கண்ணு, நாளைக்குக் கிளாஸ்ல சொல்லீரலாம்" என்றேன். நாளைக்கு நான் லீவு. அதற்கடுத்த நாள் மறந்துபோயிற்று.

"தெரியலீங்க சார்" என்றாள் கோகிலா. "வாயில வந்துச்சு, எழுதிட்டனுங்க."

"வாயில வந்துச்சா!" கட்டுப்பாட்டு அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுடைய அப்பா ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். சரியான விடை எழுதிய ஒரே பெண், சரியாக எழுதிய குற்றத்துக்காக மாட்டிக்கொண்டிருந்தாள். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டைப் அடித்தவர் செய்த பிழையை ஒப்புக்கொள்வது எளிது. எச்சரித்த பிறகும் சும்மா இருந்தேன் என்று சொல்வதற்கு நாக்கு எழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. பிறகு சொல்லிவிட்டேன். படிக்கட்டு, புத்தகம், நாளைக்கு என்றது, மறந்தது எல்லாம்.

அர்த்தநாரி சார் ஒரு தாளை எடுத்தார். எழுதினார். அடித்தார். இன்னொரு தாள் எடுத்தார். தன் நாற்காலியால் ஏதோ பிரச்சினை என்று நினைத்த கோகிலாவின் அப்பா எழப் போனார்.

"உக்காருங்க. நீங்க எந்திரிக்க வேண்டாம்" என்றார் அர்த்தநாரி சார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னத நீங்களே எழுதிக் குடுங்க மேடம். எனக்கு எழுத வரல" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

எழுதிக் கொடுத்தேன். மூன்று தீர்மானங்கள் ஆயின. எனக்கு எச்சரிக்கை மெமோ; இரண்டு ஆண்டு வினாத்தாள் தயாரிக்கக்கூடாது. மாணவர்கள் மேல் நடவடிக்கை இல்லை. மூன்றாவது தீர்மானம்: 'இவ்வாண்டுத் தேர்வர்களைப் பொறுத்தமட்டில் கை, பை ஆகிய இரண்டும் சரியான விடைகளாகக் கொள்ளப்படும்.' கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்துப் போடுமுன் அதை மூன்று முறை படித்தார்.

விடைத்தாள்களை மறுபடி திருத்தினார்கள். மதிப்பெண் பட்டியல் ஒட்டிய அன்று கோகிலா துறைக்கு வந்தாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"மேடம், பைக்கும் எட்டு மார்க்கு, கைக்கும் எட்டு மார்க்குங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்பறம் நான் எதுக்குங்க லைப்ரரிக்குப் போயிப் படிச்சேன்?"

"தப்பு என்னுது" என்றேன்.

"அது தெரியுமுங்க மேடம். நான் மார்க்கக் கேட்டேன்."

அவளுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மதிப்பெண் தரலாமா என்று அர்த்தநாரி சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எட்டு மதிப்பெண் வினாவுக்குப் பத்து மதிப்பெண் போட விதியில் இடமில்லை என்று காலண்டர் தாளில் பதில் வந்தது. அதைக் கோகிலாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, திருப்பி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த பருவத்தில், அந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதிக்கான முதல் வகுப்பில் அவள் பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து முதல் பெஞ்சில் எனக்கு நேரே உட்கார்ந்தாள். நூலகப் புத்தகத்தைத் திறந்து வைத்தாள். நான் ஒரு வரி சொன்னதும் புத்தகத்தில் அந்த வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து, "சரிங்க மேடம்" என்றாள். அந்தப் பருவம் முடியும் வரை அவள் தலையாட்டிய பிறகுதான் நான் அடுத்த வரிக்குப் போனேன்.